கரு திரும்பத் திரும்பக் கலைகிறதா? மூணு மாசம் மறைக்க வேண்டாம்



எமது தோட்டங்களில் ஒரு பழக்கம் இருக்கிறது. வீட்டில் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தவுடன், "மூணு மாசம் முடியட்டும், அதுவரைக்கும் வெளியில சொல்ல வேணாம், கண்ணு பட்டுடும்" என்று பெரியவர்கள் சொல்லி விடுவார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. கொழுந்து மடுவத்திலும் பீலிக்கரையிலும் பேச்சாகி, பிறகு கரு நிற்காமல் போனால் அந்தப் பெண்தான் தலை குனிய வேண்டி வருகிறது என்ற பயம். ஆனால் முன்பு இரண்டு, மூன்று தடவை கரு கலைந்த பெண்ணுக்கு அந்த முதல் மூன்று மாதம்தான் வைத்தியத்துக்கு உரிய காலம். ஊருக்குச் சொல்ல வேண்டாம். மிட்வைபுக்கும் டொக்டருக்கும் சொல்லாமல் இருப்பதுதான் கூடாது. ஏன் என்பதை இந்த இதழில் கொஞ்சம் விபரமாக எழுதுகிறோம்.

முதலில் ஒரு கணக்கு. கர்ப்பம் என்று தெரிந்த 100 பேரை எடுத்துக் கொண்டால், 10 முதல் 20 பேருக்குக் கரு தானாகவே கலைந்து விடுகிறது. இது கண்டியிலும் அப்படித்தான், லண்டனிலும் அப்படித்தான். வயது கூடக்கூட இந்தக் கணக்கும் கூடுகிறது. 30 வயதுக்குக் கீழே ஏறக்குறைய பத்தில் ஒன்று. 40 வயது தாண்டினால் பாதி அளவுக்கு வந்துவிடும். முதல் மூன்று மாதத்தில் கலைகிற கருக்களில் பாதிக்கும் மேல், கரு உண்டாகும் போதே அதன் பரம்பரைக் கூறுகளின் எண்ணிக்கை கூடியோ குறைந்தோ அமைந்ததால் கலைபவை. வளர முடியாத கருவை உடம்பே வெளியே தள்ளி விடுகிறது. அந்தத் தாய் என்ன சாப்பிட்டாள், எந்த மலையில் கொழுந்து எடுத்தாள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஆகவே ஒரு தடவை கலைந்தால் பெரும்பாலும் பெரிய டெஸ்ட்கள் எதுவும் தேவைப்படாது. உடம்பைத் தேற்றிக் கொண்டு, இரத்தச் சோகை இருந்தால் மாத்திரை எடுத்துக் கொண்டு, அடுத்த பிள்ளைக்குத் தயாராகலாம். திரும்பத் திரும்பக் கலைவது வேறு விஷயம். முன்பெல்லாம் 3 தடவை தொடர்ந்து கலைந்தால்தான் காரணம் தேடுவார்கள். இங்கிலாந்து வைத்தியர்கள் இன்றும் 3 என்ற கணக்கைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் 2017-ல் ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் 2 தடவை கலைந்தாலே பரிசோதனையை யோசிக்கலாம் என்று சொல்லி விட்டது. எங்களைக் கேட்டால் இரண்டாவது தடவையோடு கிளினிக்குக்குப் போய்ப் பேசுவது நல்லது. எந்த டெஸ்ட் எப்போது என்பதை டொக்டர் தீர்மானிக்கட்டும்.

பழி யார் மேல்?

இரண்டாவது கரு கலைந்தவுடன் லயத்தில் என்ன பேச்சு வரும் என்பது நமக்குத் தெரியும். "அவளுக்கு ராசி இல்ல", "யாரோ செஞ்சு வச்சிட்டாங்க", "பப்பாசி தின்னிருப்பா". பூசாரி வருவார், கோழி அறுக்கப்படும், தாயத்துக் கட்டப்படும். கும்பிடுவதை நாம் குறை சொல்ல வரவில்லை, மனதுக்கு ஆறுதல் யாருக்கும் வேண்டும். ஆனால் தாயத்துக்குக் கொடுக்கிற காசில் கண்டிக்குப் பல தடவை பஸ்ஸில் போய் வரலாம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இதைவிட மோசம், "வேற பொண்ணு பாக்கலாமே" என்று மகனிடம் சொல்லும் தாய்மார். அந்தப் பேச்சை அந்த மருமகள் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக் கொண்டுதான் படுத்திருக்கிறாள். லயத்துச் சுவர் எவ்வளவு மெல்லியது என்று எல்லாருக்கும் தெரியும்.

இது ஏழை வீட்டுக்கு மட்டும் வருகிற குறையும் அல்ல. 1702 முதல் 1714 வரை இங்கிலாந்தை ஆண்ட ஆன் மகாராணி 17 தடவை கர்ப்பமானார். ஒரு பிள்ளை கூடப் பெரிய ஆளாகவில்லை. அதிக காலம் உயிரோடு இருந்த மகன் 1700-ல் 11 வயதில் காலமானான். அரண்மனையில் வைத்தியருக்கா பஞ்சம்? காரணம் அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். இன்று சில காரணங்களாவது தெரியும், அவற்றுக்கு மருந்தும் இருக்கிறது.

எந்த மாதத்தில் போனது?

டொக்டர் முதலில் ஊசி போட மாட்டார், ஸ்கேனும் எடுக்க மாட்டார். கேள்விதான் கேட்பார். எத்தனை தடவை கலைந்தது? ஒவ்வொன்றும் எத்தனையாவது வாரம்? ஸ்கேன் எடுத்தீர்களா, அதில் குழந்தையின் இதயத் துடிப்பு தெரிந்ததா? முதலில் வலி வந்ததா, இரத்தம் வந்ததா, தண்ணீர் உடைந்ததா? இந்தப் பதில்கள்தான் முதல் டெஸ்ட். இரண்டாம் மாதத்தில் போகும் கருவுக்கும் ஐந்தாம் மாதத்தில் போகும் கருவுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றல்ல.

எமது பெண்களில் பலரால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடிவதில்லை. "தீபாவளிக்கு முந்தி ஒண்ணு, மாரியம்மன் திருவிழாவுக்குப் பிறகு ஒண்ணு" என்பார்கள். அது அவர்களின் குற்றம் அல்ல. பதிவு செய்யாத கர்ப்பத்துக்குக் கார்ட் இல்லை, கார்ட் இல்லாவிட்டால் திகதி இல்லை. அதனால் இன்றே ஒரு சாதாரணக் கொப்பியை எடுத்து, மாதத் தீட்டு வந்த முதல் நாளை ஒவ்வொரு மாதமும் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் கலண்டரில் ஒரு கோடு போதும். வாரக் கணக்கு அந்த நாளில் இருந்துதான் தொடங்குகிறது. பழைய ஸ்கேன் ரிப்போர்ட், ஆஸ்பத்திரியில் டிக்கட் வெட்டும்போது கொடுத்த துண்டு, இரத்த ரிப்போர்ட் எதையும் வீச வேண்டாம். ஒரு பொலித்தீன் பையில் போட்டு ட்ரங்குப் பெட்டியில் வைக்கலாம்.

வீட்டிலேயே கலைந்து விட்டால், வெளியே வந்ததைச் சுத்தமான ஒரு பாத்திரத்தில் மூடி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக வேண்டும். சொல்லவே கஷ்டமான விஷயம்தான். ஆனால் அதைப் பார்த்துத்தான் எல்லாம் வெளியேறி விட்டதா, உள்ளே மிச்சம் இருக்கிறதா என்று தெரியும். முத்துப்பிள்ளை என்று சொல்வார்களே, திராட்சைக் குலை மாதிரி வளர்கிற கர்ப்பம், அதையும் இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள். அதற்குத் தனியான கவனிப்பு வேண்டும்.

இன்னொரு பயத்தையும் நாம் கேட்டிருக்கிறோம். "இரத்தத்தோட போனா நானே கலைச்சேன்னு சொல்லிப் பொலிசுக்குப் போட்டுடுவாங்களோ?" நமது நாட்டில் தாயின் உயிரைக் காப்பாற்ற அல்லாமல் கருவைக் கலைப்பது சட்டப்படி குற்றம் என்பதால் இந்தப் பயம் வருகிறது. தானாகக் கலைவது குற்றமே அல்ல. நடந்ததை நடந்தபடி டொக்டரிடம் சொல்லுங்கள். ஏற்கெனவே கார்ட்டில் பதிந்திருந்தால் அந்தப் பயத்துக்கும் இடம் குறைவு.

டெஸ்ட்களைப் பற்றி

திரும்பத் திரும்பக் கலைவதில் வைத்தியத்தால் நன்றாகத் தடுக்கக் கூடிய காரணம் ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். சிலருடைய இரத்தத்தில், நோயை எதிர்க்க வேண்டிய சக்தி தன் சொந்த உடம்புக்கே எதிராகத் திரும்பி, இரத்தத்தைச் சுலபமாக உறைய வைக்கிறது. தாயிடமிருந்து பிள்ளைக்குச் சாப்பாடும் மூச்சும் போகிற நஞ்சுக்கொடி சரியாகப் பிடிக்காமல் கரு பட்டுப் போகிறது. இதற்கு அன்டிபொஸ்போலிப்பிட் நோய் என்று பெயர். 1983-ல் லண்டனில் டொக்டர் கிரஹாம் ஹியூஸ் என்பவர் இதை விபரமாக எழுதினார், அதனால் ஹியூஸ் நோய் என்றும் சொல்வார்கள். திரும்பத் திரும்பக் கரு கலையும் 100 பெண்களில் 15 பேர் வரைக்கும் இது இருக்கலாம். வெளியில் பார்த்தால் அந்தப் பெண் நல்ல சுகதேகியாக இருப்பாள்.

இதைக் கண்டுபிடிக்கும் இரத்தப் பரிசோதனையை இரண்டு தடவை செய்ய வேண்டும், நடுவில் 12 வாரம் விட வேண்டும். "ஒரு தடவை எடுத்தாச்சே, இன்னொரு தடவை எதுக்கு? ஒரு நாள் பேரும் போகுது" என்று நின்று விடுபவர்கள் உண்டு. சாதாரணக் காய்ச்சல், தொற்று வந்தாலும் இந்தப் பொருள் கொஞ்ச நாள் இரத்தத்தில் தெரிந்து பிறகு மறைந்து விடும். 12 வாரம் கழித்தும் இருந்தால்தான் அது நோய். ஒரே டெஸ்டை வைத்து மருந்து தொடங்கவும் முடியாது, நோய் இல்லை என்று விடவும் முடியாது. இந்த 12 வாரத்துக்கும் குடும்பக் கட்டுப்பாட்டு முறை ஒன்றைப் பாவிப்பது நல்லது. எந்த முறை என்பதை டொக்டரே சொல்லட்டும், ஏனென்றால் இந்த நோய் உள்ளவர்களுக்குச் சில மாத்திரைகள் ஆகாது.

நோய் இருப்பது உறுதியானால் வைத்தியம் என்ன? குறைந்த அளவு ஆஸ்பிரின் மாத்திரை, அதோடு ஹெப்பரின் என்ற ஊசி. ஹெப்பரினை வயிற்றுத் தோலுக்குக் கீழே தினமும் போட வேண்டும். மெல்லிய ஊசிதான், பழக்கி விட்டால் பெண்கள் தாங்களே போட்டுக் கொள்கிறார்கள். இந்த வைத்தியத்தோடு 10 பேரில் 7 பேர் அளவுக்கு உயிருள்ள பிள்ளையைப் பெற்றெடுக்கிறார்கள்.

மூணு மாசம் மறைக்கும் பழக்கம் எவ்வளவு கெடுதல் என்பது இங்கேதான் தெரிகிறது. ஹெப்பரின் ஊசியைக் கர்ப்பம் உறுதியான உடனே தொடங்க வேண்டும், அதாவது 5-ம், 6-ம் வாரத்தில். மூணு மாசம் முடிந்து கிளினிக்குக்கு வருகிற பெண்ணுக்கு அந்த மருந்து பிந்தி விட்டது. அதற்குள் கருவே போயிருக்கும். அரசாங்கச் சுகாதாரப் பிரிவும் எல்லாக் கர்ப்பங்களையும் 8 வாரத்துக்கு முன்பே பதிய வேண்டும் என்றுதான் கேட்கிறது. முன்பு இழந்தவர்கள் அதற்கும் முன்பே, தீட்டு ஒரு வாரம் தள்ளினவுடனே போக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. "ஆஸ்பிரின் நல்லதாம்" என்று கேள்விப்பட்டு பார்மசியில் வாங்கிச் சாப்பிடக் கூடாது. கண்டிப் பக்கம் டெங்குக் காய்ச்சல் உள்ள இடம். டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பிரின் இரத்தப் போக்கை உண்டாக்கும்.

இனி நான்காம், ஐந்தாம், ஆறாம் மாதத்தில் போகும் கரு. பெரிதாக வலி இல்லாமல், அடிவயிற்றில் பாரம் போல் இருந்து, தண்ணீர் உடைந்து, உயிரோடு வந்து பிறகு இறந்து விட்டது என்று சொன்னால் டொக்டர் கருப்பை வாயைப் பற்றி யோசிப்பார். பிள்ளை பாரமாகும் போது சிலருக்கு அந்த வாய் நேரத்துக்கு முன்பே தானாகத் திறந்து கொள்கிறது. இதற்குத் தையல் போடலாம். சாக்கு மூட்டையின் வாயை நூலால் சுருக்கிக் கட்டுவது போலத்தான். இந்தத் தையலை உலகத்துக்குக் கொடுத்தவர்களில் ஒருவர் நமது பக்கத்து நாட்டவர், பம்பாயைச் சேர்ந்த டொக்டர் ஷிரோத்கர். 1955-ல் அவர் இதைப் பற்றி எழுதினார். இன்றும் ஷிரோத்கர் தையல் என்றே சொல்கிறார்கள். இரண்டு வருடம் கழித்து அவுஸ்திரேலியாவின் டொக்டர் மெக்டொனால்ட் இன்னும் சுலபமான ஒரு முறையைச் சொன்னார். முந்திய இழப்புகளை வைத்துத் தீர்மானிக்கும் போது, தையலை ஏறக்குறைய 12 முதல் 14 வாரத்தில் போட்டு, 36, 37 வாரத்தில் வெட்டி எடுப்பார்கள். மூணு மாசம் முடிந்தவுடன் தையல் போட வேண்டுமானால், மூணு மாசத்துக்கு முன்பே டொக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

மற்ற டெஸ்ட்கள் எல்லாம் சுருக்கமானவை. சீனி வியாதி கட்டுப்பாட்டில் இருக்கிறதா, கழுத்தில் உள்ள தைரொயிட் சுரப்பி சரியாக வேலை செய்கிறதா என்று இரத்தத்தில் பார்ப்பார்கள். இரண்டுக்கும் மருந்து உண்டு. கருப்பையின் உள்ளே குறுக்குச் சுவர் போல ஏதாவது இருக்கிறதா, கட்டி இருக்கிறதா என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். இரத்த வகையும் பார்ப்பார்கள். ஆர்.எச். நெகட்டிவ் என்றால், கரு கலைந்த பின் 72 மணித்தியாலத்துக்குள் ஊசி தேவையா என்று டொக்டர் சொல்வார், அது அடுத்த பிள்ளையைக் காக்கும் ஊசி. சில ஜோடிகளுக்கு, 100-க்கு 2 முதல் 5 ஜோடி அளவில், கணவன் அல்லது மனைவியின் பரம்பரைக் கூறில் இடமாற்றம் இருக்கும். அவர்கள் சுகமாக இருப்பார்கள், கருவில்தான் அது கோளாறு செய்யும். அந்தப் பரிசோதனைக்கு இருவருடைய இரத்தமும் வேண்டும், அந்த வசதி எல்லா இடத்திலும் கிடையாது. சொந்தத்தில், மாமன் மகளை, அத்தை மகளைக் கட்டியிருந்தால் அதையும் டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதுதான் காரணம் என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம்.

காரணமே தெரியாவிட்டால்?

இதைச் சொன்னால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். எல்லா டெஸ்டும் எடுத்த பிறகும் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காரணம் தெரிய வராது. "எல்லாம் சரியா இருக்கு" என்று டொக்டர் சொன்னால் அழுது கொண்டு வெளியே வருகிறவர்களும் இருக்கிறார்கள். உண்மையில் அது நல்ல செய்தி. காரணம் தெரியாத பெண்களில் 4 பேரில் 3 பேர் அளவுக்கு, பிறகு வரும் கர்ப்பத்தில் பிள்ளை பெறுகிறார்கள். இவர்களுக்கு மிகவும் உதவுவது ஆரம்பத்திலேயே கிளினிக்கில் சேர்ந்து, அடிக்கடி பார்க்கப்பட்டு, மனதுக்குத் தைரியம் கிடைப்பது.

இரத்தம் காணும் போது கொடுக்கிற புரொஜெஸ்டரோன் மருந்தைப் பற்றியும் கேட்கிறார்கள். இங்கிலாந்தில் 4000-க்கு மேற்பட்ட பெண்களிடம் செய்த ஆராய்ச்சியின் முடிவு 2019-ல் வந்தது. முன்பு 3 தடவை அல்லது அதற்கு மேல் இழந்து, இப்போது ஆரம்ப மாதத்தில் இரத்தம் காணும் பெண்களுக்கு அதனால் பலன் தெரிந்தது. இழப்பே இல்லாதவர்களுக்குப் பலன் தெரியவில்லை. எல்லாருக்கும் கொடுக்கிற மருந்து அல்ல என்பது இதன் பொருள்.

கட்டிலை விட்டு இறங்காமல் படுத்திருந்தால் கரு நிற்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சாதாரண வேலை செய்யலாம். ஆனால் நிறைந்த கொழுந்துச் சாக்கைச் சுமந்து செங்குத்து மலையில் ஏறுவதும், புல்லுக்கு மருந்து கலப்பதும் கர்ப்பிணிக்கு வேண்டாம் என்பது எமது உறுதியான கருத்து. பாரமில்லாத வேலை தேவை என்றால் கிளினிக் கார்ட்டைக் காட்டிக் கேளுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடுவதை நிறுத்த வேண்டும். காம்பராவுக்குள் சிகரட், பீடி குடிக்கிற வீட்டுக்காரரும் வெளியே போய்க் குடிப்பதைவிட, விட்டு விடுவதே மேல். போலிக் அமில மாத்திரையை அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே மிட்வைபிடம் வாங்கிச் சாப்பிடலாம்.

எங்கே போவது?

முதலில் உங்கள் பகுதி மிட்வைப், இல்லையென்றால் தோட்டத்து டிஸ்பென்சரி. அவர்கள் எம்.ஓ.எச். கிளினிக்குக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து துண்டு எழுதிப் பெண்நோயியல் டொக்டரிடம் அனுப்புவார்கள். கலஹா, தெல்தோட்டைப் பக்கம் உள்ளவர்களுக்குப் பேராதனை ஆஸ்பத்திரி வசதி, கலஹா ரோட் பேராதனைக்குத்தான் இறங்குகிறது. மடுல்கலை, ரங்கலைப் பக்கத்தவர்கள் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம். கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் ஆஸ்பத்திரிகள் உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரியில் டொக்டரைப் பார்க்கக் காசு இல்லை. சில இரத்தப் பரிசோதனைகள் மட்டும் வெளியில் செய்ய வேண்டி வரலாம். அப்படிச் சொன்னால் உடனே கடன் வாங்காமல், எது அவசியம், எது பொறுக்கலாம் என்று டொக்டரிடமே கேளுங்கள்.

பாஷைப் பிரச்சினை உண்மையான பிரச்சினை. சிங்களம் சரளமாக வராதவர்கள், மேலே சொன்ன திகதிகளை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது. உங்கள் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம் வந்தால் அதை எழுதித் தருவோம். வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்றால், அதையும் காப்போம்.

வீட்டுக்காரர் கட்டாயம் கூடப் போக வேண்டும். ஒரு நாள் பேர் போகும், அது சின்ன விஷயம் அல்ல என்று தெரியும். ஆனால் டொக்டர் அவரிடமும் கேள்வி கேட்பார், சில சமயம் இரத்தமும் எடுப்பார். அதைவிட, இழந்தது அவருடைய பிள்ளையும்தான்.

28 வாரம் கடந்த பிறகு பிள்ளை இறந்து பிறந்தால், அது சட்டப்படி பேறுகாலம்தான், அதற்கும் லீவு உண்டு. கார்ட்டில் வாரக் கணக்கு இருந்தால் ஒப்பிஸில் வாதாடத் தேவையில்லை.

கடைசியாக, கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாத நேரங்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் துணி முழுதாக நனைகிற அளவு இரத்தம், தலை சுற்றி மயக்கம், அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள்பட்டை வலி, கலைந்த பிறகு காய்ச்சலும் நாற்றமும். இதில் ஒன்று வந்தாலும் இரவென்று பார்க்காமல் டிஸ்பென்சரியில் சொல்லி வாகனம் கேளுங்கள். கிடைக்கத் தாமதமானால் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். தோட்டத்தின் பெயர், மேல் கணக்கா கீழ் கணக்கா, லயத்து இலக்கம், வண்டி எந்த ரோட்டில் ஏற வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லி, ஒருவரை ரோட்டு முனையில் டோர்ச் லைட்டோடு நிறுத்தி வையுங்கள்.